210 ஜிபி பறவைப் படங்கள், 26 சேக்காளிகள்: எப்படிப் பகிர்வது?

கேள்வி: "நாங்கள் 26 பேர் ஒரு செட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூந்தன்குளம், விஜயநாராயணம், திருப்புடைமருதூர் என்று குளம் குளமாகப் போய்ப் பறவை பார்ப்போம். 2015இலிருந்து எல்லாரும் எடுத்த படங்கள் என் கம்ப்யூட்டரில்தான் சேர்ந்து கிடக்கு. மொத்தம் 210 ஜிபி, ஏறக்குறைய 18,000 ஃபைல். அதில் 5,000 ரா ஃபைல். வாட்ஸ்அப்பில் போட்டால் இறகெல்லாம் மங்கிப்போகுது. கூகுள் டிரைவில் ஏற்ற ஆரம்பிச்சேன், 15 ஜிபி நிறைஞ்சதும் நின்னுபோச்சு. இப்போ எனக்கு மெயிலே வரமாட்டேங்கு. ஏற்றின ஃபோல்டரில் யாரோ எதையோ தட்ட, முந்நூறு படத்தைக் காணோம். துபாயில் இருக்கிற ரெண்டு பேர், ஒரிஜினல் வேணும், பிரிண்ட் போடணும்ங்காங்க. செட்டில் பாதிப் பேர்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. காசு கட்டி இடம் வாங்கணுமா, வேற வழி இருக்கா?"

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

முதலில் மெயிலைச் சரிசெய்துவிடுவோம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், அது பொறுக்காது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் உரியது இல்லை. ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றும் அந்த ஒரே இடத்தைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. அது நிறைந்துவிட்டால் உங்களுக்கு வரும் கடிதங்கள் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பேங்க்கிலிருந்து வருவதும் அதில் அடக்கம்.

நீங்கள் ஏற்றிய படங்கள் அனைத்தும் கம்ப்யூட்டரில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாக டிரைவைத் திறந்து, இடது பக்கம் உள்ள 'ஸ்டோரேஜ்' என்பதைத் தட்டினால், பெரிய ஃபைல்கள் மேலே வரும்படி வரிசையாக நிற்கும். அங்கிருந்து அழியுங்கள். அழித்த பிறகு 'பின்' என்ற குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். அதில் கிடப்பவையும் 30 நாள் வரை கணக்கில்தான் இருக்கும். பலர் இதைச் செய்யாமல் "அழிச்சும் இடம் வரலையே" என்று தவிக்கிறார்கள். காலி செய்த உடனே எண் குறையாவிட்டால் ஒரு நாள் பொறுங்கள்.

இதைப் போனில் உள்ள கூகுள் போட்டோஸ் ஆப்பில் மட்டும் செய்யாதீர்கள். பேக்கப் போட்டிருக்கும் போனில் அந்த ஆப்பில் ஒரு படத்தை அழித்தால், மேகத்திலும் (கூகுள் கணக்கில் ஏறியிருக்கும் நகல்) போகும், போனிலும் போகும். போனில் இடம் வேண்டுமானால் அதற்கென்றே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக ஒன்று உண்டு. அது மேகத்தில் உள்ளதைத் தொடாது.

காணாமல் போன முந்நூறு படங்களுக்கு வருவோம். அவை அழிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஃபோல்டரை நீங்கள் 'எடிட்டர்' உரிமையோடு கொடுத்திருக்கிறீர்கள். எடிட்டராக இருப்பவர் உங்கள் படத்தை அந்த ஃபோல்டரிலிருந்து நீக்க முடியும். ஆனால் படத்துக்கு உரிமையாளர் நீங்கள் என்பதால் அது உங்கள் டிரைவுக்குள்ளேயே, ஃபோல்டர் இல்லாமல் எங்கோ கிடக்கும். மேலே உள்ள தேடல் பெட்டியில் ஃபைல் பெயரின் முதல் சில எழுத்துகளைப் போட்டுத் தேடுங்கள். ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, 'ஐ' என்ற விவரக் குறியைத் தட்டி 'ஆக்டிவிட்டி' பகுதிக்குப் போனால், யார், என்று, எந்த ஃபைலை நகர்த்தினார் என்பதும் தெரியும். சேக்காளியைக் கடிந்துகொள்ள வேண்டாம். போனில் விரல் பட்டு நடப்பதுதான் இது. அந்த உரிமையைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. காசு கட்டத் தேவையில்லை என்பதே என் முடிவு. 210 ஜிபியையும் 26 பேருக்குக் கொடுக்க நினைப்பதால்தான் வழி அடைபடுகிறது. குளம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் வயலுக்கு மடை வழியாக வேண்டிய அளவுதானே விடுகிறோம்? சேமித்து வைப்பதையும் பகிர்வதையும் இரண்டு தனி வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல்கள் உங்கள் ஹார்ட் டிஸ்க்குகளில் இருக்கட்டும். சேக்காளிகளுக்குப் போவது அவற்றிலிருந்து பொறுக்கி, அளவு குறைத்துச் செய்த ஒரு நகல்.

கணக்கைப் பாருங்கள். ரா ஃபைல் (ஜேபெக் ஆக்காமல் கேமரா அப்படியே பதியும் மூலப் பதிவு) ஒன்று 25 எம்பி என்று வைத்தால், 5,000 ரா மட்டும் 125 ஜிபி. மொத்தத்தில் பாதிக்கு மேல் அதுதான். ரா ஃபைலைப் போனில் பார்க்கும் ஆளுக்கு அனுப்பிப் பயனே இல்லை. பல போன்களில் அது திறக்கவே திறக்காது. மீதி 13,000 ஜேபெக் படங்கள். பறவை எடுப்பவர்களுக்குத் தெரியும், பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பினால் விரலை எடுக்காமல் முப்பது படம் விழும். அந்த முப்பதில் சேக்காளிகள் பார்க்க வேண்டியது இரண்டோ மூன்றோதான். 13,000 படத்தைப் பொறுமையாகப் பார்த்தால் 4,000 தேறும். அந்த 4,000 படத்தையும் நீண்ட பக்கம் 2,560 பிக்சல் ஆகும்படி குறைத்தால் ஒரு படம் ஏறக்குறைய 1 முதல் 1.5 எம்பி வரும். இலையும் அலையும் நிறைந்த படம் கொஞ்சம் கூடுதலாக வரும், வெறும் வானத்தில் பறப்பது குறைவாக வரும். மொத்தம் 5 ஜிபி சொச்சம். இலவச இடத்தில் மூன்றில் ஒரு பங்கு.

2,560 என்ற எண் எதற்கு என்றால், போன் திரைக்கும் சாதாரண எச்டி டிவிக்கும் அது தாராளம். பிரிண்ட் போட்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எட்டரை அங்குல நீளம் வரை தெளிவாக வரும். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 1,800 பிக்சலே போதும். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது நீண்ட பக்கத்தை 1,600 பிக்சல் அளவுக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் கடுமையாக அமுக்கவும் செய்கிறது. இறகின் நுண்வரி அங்கேதான் போகிறது. எச்டி என்று தட்டி அனுப்பினாலும் மறுபடி அமுக்கத்தான் செய்யும். ஒன்றிரண்டு படத்தை அப்படியே அனுப்ப வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், 2 ஜிபி வரை மாறாமல் போகும்.

பொறுக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போட்டால் பிறகு நாலு மடங்கு சிரமம். கேமரா கடிகாரம். 26 பேர் எடுத்தது என்றால் நாலைந்து கேமராவின் நேரம் கண்டிப்பாகத் தப்பாக இருக்கும். பேட்டரியைக் கழற்றி நெடுநாள் வைத்த கேமரா, ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி 1க்குப் போயிருக்கும். காலையை மாலை என்று வைத்திருக்கும் கேமராவும் இருக்கும், அது 12 மணி நேரம் தள்ளிக் காட்டும். எல்லாப் படத்தையும் ஒன்றாகப் போட்டு நேரப்படி அடுக்கினால், விடியற்காலைப் படத்துக்கு நடுவே உச்சி வெயில் படம் வந்து நிற்கும். எந்தக் கேமரா தப்பு என்று அதிலேயே தெரிந்துவிடும். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் ஒரு கேமராவின் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றின் நேரத்தையும் ஒரே அளவு முன்னோ பின்னோ நகர்த்தலாம். ஜேபெக்கோடு ஜோடியாக உள்ள ராவையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் பிரியாது. அடுத்த தடவை குளத்துக்குப் போகும்போது வண்டியை விட்டு இறங்கியதும், எல்லாரும் ஒரே போனின் கடிகாரத் திரையை அவரவர் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எத்தனை நிமிடம் திருத்த வேண்டும் என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

நேரம் சரியானதும் பெயர். கேமரா தானாக வைக்கும் எண் 9999 வரை போய் மறுபடி 0001க்கு வரும். இரண்டு பேர் ஒரே கம்பெனிக் கேமரா வைத்திருந்தால் ஒரே பெயரில் இரண்டு வேறு படம் இருக்கும். ஒரே ஃபோல்டரில் போடும்போது ஒன்று மற்றதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஆகவே தேதி, குளம், எடுத்தவர், எண் என்ற வரிசையில் பெயரிடுங்கள்: '2024-01-21_விஜயநாராயணம்_முரு_0147' என்பதுபோல. ஆண்டு முதலில் வந்தால் பெயர் வரிசையே கால வரிசை ஆகிவிடும். எடுத்தவர் பெயரின் சுருக்கம் இருக்கட்டும், யார் படம் என்ற பேச்சு பின்னால் எழாது. தமிழில் பெயர் வைத்தால் இன்றைய கம்ப்யூட்டரிலும் போனிலும் சிக்கல் இல்லை. பென்டிரைவில் போட்டுப் பழைய டிவியில் சொருகினால் கட்டம் கட்டமாகக் காட்டலாம். அந்தப் பழக்கம் உங்கள் செட்டில் இருந்தால் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், ஃபோல்டர் பெயரைத் தமிழில் வையுங்கள்.

குளத்தின் பெயரும் தேதியும் தவறாமல் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011இல் தொடங்கிய தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நம் பக்கத்துக் குளங்களில் எது எத்தனை வந்தது என்று ஜனவரி தோறும் எண்ணுகிறார்கள். தேதியும் குளமும் சரியாக உள்ள உங்கள் படம் அந்த எண்ணிக்கைக்கு அருகே வைத்துப் பார்க்கத்தக்க சான்று. இரண்டும் இல்லாத படம் வெறும் அழகுதான். பொறுக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். பொதுவாகக் கண் தெளிவாக இல்லாத படத்தைத் தள்ளலாம். ஆனால் ஒரு குளத்தில் எப்போதாவது வரும் வரித்தலை வாத்தின் படம் மங்கலாக இருந்தாலும் வையுங்கள். பொறுக்குகையில் எதையும் அழிக்க வேண்டாம், தேறியதை வேறு ஃபோல்டருக்கு நகல் எடுத்தால் போதும். ராவாக மட்டும் எடுத்து, ஜோடி ஜேபெக் இல்லாத படம் தேறினால், கேமரா கம்பெனி தரும் இலவச மென்பொருளில் அதை ஜேபெக்காக மாற்றி அதில் சேருங்கள்.

அளவு குறைக்க இர்ஃபான்வியூ போதும், சொந்தப் பயனுக்கு இலவசம். திறந்து 'பி' (B) விசையைத் தட்டினால் மொத்தமாக மாற்றும் சன்னல் வரும். 'அட்வான்ஸ்டு' உள்ளே போய், நீண்ட பக்கம் 2,560 என்று கொடுங்கள். சிறிய படத்தைப் பெரிதாக்காதே என்ற கட்டத்தையும் குறியிடுங்கள். இல்லாவிட்டால் பழைய போன் படம் ஊதிப் பெருத்து இடத்தை அடைக்கும். லேசாக 'ஷார்ப்பன்' கொடுத்தால், சிறிதாக்கும்போது மழுங்கும் இறகு வரி கொஞ்சம் மீளும். அதிகம் கொடுத்தால் பறவையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். ஜேபெக் தரம் 85. எக்சிஃப் தகவலை வைத்துக்கொள் என்ற குறி இருக்கட்டும், தேதி அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே போகும் ஃபோல்டர் ஒரிஜினல் உள்ள ஃபோல்டராக இருக்கவே கூடாது. அங்கே ஒரு கவனக்குறைவு நேர்ந்தால் 24 மெகாபிக்சல் படம் நிரந்தரமாக 4 மெகாபிக்சல் ஆகிவிடும். முதலில் 20 படத்தை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு முழுவதையும் ஓடவிடுங்கள்.

இதை ஏற்ற உங்கள் சொந்த மெயில் கணக்கு வேண்டாம். செட்டுக்கென்று புதிதாக ஒரு கூகுள் கணக்கு தொடங்குங்கள். அது நிறைந்தாலும் உங்கள் மெயில் நிற்காது. அந்தக் கணக்கின் டிரைவில் ஒரு தாய் ஃபோல்டர், உள்ளே ஆண்டு, அதற்குள்ளே குளம். ஒரு குளத்து ஃபோல்டரில் 300 முதல் 500 படத்துக்கு மேல் வேண்டாம். காரணம் இறக்கும்போது தெரியும். முழு ஃபோல்டரையும் யாராவது பிரவுசரில் 'டவுன்லோட்' கொடுத்தால் டிரைவ் அதை ஜிப்பாகக் கட்டும். 2 ஜிபியைத் தாண்டினால் பல துண்டாக வெட்டும். துண்டுகளில் ஒன்று வராமல் போனாலும் சேக்காளி கவனிக்க மாட்டார், "நூறு படம் குறையுது" என்று உங்களிடம் வருவார். ஐந்நூறு படம் 600 எம்பி சொச்சம்தான், ஒரே துண்டாக வந்துவிடும். ஒவ்வொரு ஃபோல்டர் பெயரின் கடைசியிலும் படங்களின் எண்ணிக்கையை எழுதிவிடுங்கள். இறக்கியவர் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்றும் நேரத்தைப் பற்றி ஒரு சொல். நெட் கம்பெனி சொல்லும் 30 என்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 4 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. 5 ஜிபி கணக்குப்படி அரை மணிக்குள், நடைமுறையில் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். போனின் தினசரி 2 ஜிபி டேட்டாவில் என்றால் மூன்று நாள். பிரவுசர் டேபில் ஏற்றும்போது கரண்ட் போனால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று குழப்பமாகும். 'டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்' நிறுவி ஏற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கம்ப்யூட்டர் தூங்கிப்போகாதபடி ஸ்லீப்பை நிறுத்திவையுங்கள். ஆனால் அது இரண்டு பக்கமும் ஒன்றாக வைக்கும் மென்பொருள் என்பதை மறக்கக் கூடாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒரிஜினல் ஃபோல்டரை அதோடு இணைக்காதீர்கள்.

பகிரும் உரிமைக்கு வருவோம். தாய் ஃபோல்டரில் வலது கிளிக், 'ஷேர்', கீழே 'ஜெனரல் ஆக்சஸ்' என்ற இடத்தில் 'எனிஒன் வித் த லிங்க்', அதற்குப் பக்கத்தில் 'வியூவர்'. எடிட்டர் இங்கே யாருக்கும் வேண்டாம். இந்த லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் கூகுள் கணக்கு இல்லாதவரும் திறக்கலாம், ஐபோனிலும் திறக்கும். லிங்க் கையில் உள்ள யாரும் பார்க்கலாம் என்பதால், சேக்காளிகள் அதை வேறு குரூப்புக்குத் தள்ளினால் ஊரே பார்க்கும். பூநாரைப் படத்துக்கு அதனால் கேடில்லை. குடும்பத்தோடு போனபோது எடுத்த குழந்தைகள் படம், குளக்கரையில் ஆட்கள் சாப்பிடும் படம் இவற்றை அந்த ஃபோல்டரில் வைக்காதீர்கள். அவற்றுக்குத் தனி ஃபோல்டர், 'ரெஸ்ட்ரிக்டட்' என்ற நிலை, ஒவ்வொருவர் மெயிலையும் தனித்தனியாகச் சேர்ப்பது.

கூடுகளின் படத்துக்கு இதைவிடக் கவனம் வேண்டும். போனில் எடுத்த படத்துக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை சில மீட்டர் துல்லியத்தில் பதிந்திருக்கும். டிரைவ் அதைத் தொடுவதில்லை, படத்தோடு அப்படியே கொடுக்கும். கூந்தன்குளத்தில் மரத்துக்கு மரம், வீட்டுப் புறக்கடையிலும்கூட நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுவது ஊரறிந்தது. 1994இலிருந்து சரணாலயம், ஊர்க்காரர்களே காவல். அங்கே மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் யாருமற்ற ஒரு கசத்தோரத்துப் பாறையில் கொம்பன் ஆந்தை குஞ்சு வைத்திருக்கும் இடத்தை உங்கள் செட்டு மட்டும் அறிந்திருந்தால், அந்தப் படத்தில் இடம் போகக் கூடாது. ஆந்தையைப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கெடுதல் நினைக்காதவரும் படம் எடுக்க என்று கூட்டமாகப் போய் நின்றால் தாய்ப் பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும், வெயிலில் முட்டையும் குஞ்சும் தாங்காது. விண்டோசில் அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'டீடெய்ல்ஸ்', அதன் அடியில் உள்ள சொந்தத் தகவலை நீக்கும் இணைப்பு என்று போனால், ஜிபிஎஸ் வரிகளை மட்டும் குறியிட்டு நீக்கலாம். தேதியை நீக்கிவிடாதீர்கள். பெயரிலும் குளத்தின் பெயருக்குப் பதில் தாலுகா பெயர் மட்டும் இருக்கட்டும். இருந்தாலும் கூட்டுப் படங்களைக் குஞ்சு பறந்துபோன பிறகு ஏற்றுவதுதான் நல்லது என்பேன்.

போன் மட்டும் உள்ளவர்களுக்கு டிரைவ் ஃபோல்டர் அவ்வளவு வசதியில்லை. போன் ஆப்பில் ஒரு ஃபோல்டரை முழுதாக இறக்குவது கஷ்டம், ஒவ்வொன்றாகத் திறக்கவும் நேரமாகும். அவர்களுக்காக அதே செட்டுக் கணக்கில், கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்வு ஆல்பம் தொடங்கி, மிகச் சிறந்த 500 படத்தை மட்டும் போடுங்கள். விரலால் தள்ளிக்கொண்டே பார்க்கலாம், கீழே ஒரு வார்த்தை எழுதலாம். ஓர் ஆல்பத்தில் 20,000 வரை கொள்ளும் என்றாலும் 500க்கு மேல் போனால் யாரும் கடைசி வரை தள்ளுவதில்லை. ஆல்பத்தின் அமைப்பில் படம் எடுத்த இடத்தைக் காட்டுவதை நிறுத்தும் பொத்தான் உண்டு, அதையும் அணைத்துவிடுங்கள். 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் குறைந்த தரத்தில் ஏற்றினாலும் இடக் கணக்கில் சேரும். ஆனால் நம் 500 படம் அரை ஜிபியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

துபாய்க்காரர்களுக்கு ஒரிஜினல் 210 ஜிபியும் தேவைப்படாது. தேறிய 4,000 படத்தைப் பார்த்து, பிரிண்ட் போட வேண்டியவற்றின் பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். முப்பதோ நாற்பதோதான் வரும். அந்த ஒரிஜினல்களை மட்டும் தற்காலிக ஃபோல்டரில் ஏற்றி அவர்கள் மெயிலுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இறக்கியதும் ஃபோல்டரை அழித்துவிடலாம். பெயர் சரியாக இருப்பதன் பலன் இங்கே தெரியும். 12க்கு 8 அங்குலம் போட 3,600 பிக்சல் வேண்டும், ஆகவே ஒரிஜினல் கேட்பது நியாயம்தான்.

சேக்காளிகள் புதிதாக எடுப்பதை உங்களிடம் சேர்ப்பதற்கு 'வரவு' என்று ஒரு தனி ஃபோல்டர் வையுங்கள். எடிட்டர் உரிமை அதற்கு மட்டும், அதுவும் மெயில் சேர்த்தவர்களுக்கு மட்டும். அவர் போடும் படம் அவர் கணக்கின் இடத்தைத்தான் பிடிக்கும், உரிமையாளரும் அவரே. நாளைக்கு அவர் தன் பக்கத்தில் அழித்தால் உங்கள் ஃபோல்டரிலும் மறைந்துவிடும். எனவே வாரம் ஒருமுறை வரவில் உள்ளதை கம்ப்யூட்டருக்கு இறக்கி, பெயரிட்டு, பொறுக்கி, செட்டுக் கணக்கிலிருந்து நீங்களே ஏற்றுங்கள்.

வேறு சேவைகளைக் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாக: டிராப்பாக்ஸ் இலவசத்தில் 2 ஜிபிதான், பகிர்வு ஃபோல்டரில் சேர்ந்த ஒவ்வொருவர் கணக்கிலும் அந்த அளவு ஏறும். ஒன்டிரைவ் 5 ஜிபி. ஐபோன்காரர்கள் சொல்லும் ஐகிளவுட் பகிர்வு ஆல்பம் படத்தை 2,048 பிக்சலாகச் சுருக்கிவிடும், மற்ற போன்காரர்களுக்கு ஒத்தும் வராது. உங்கள் செட்டுக்கு இவற்றில் எதுவும் கூகுளைவிட மேல் இல்லை.

கடைசியாக ஒரிஜினல்கள். 210 ஜிபியும் இப்போது ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே பதறவைத்த வரி அதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையோரம் பட்டது நமக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தரையோடு வைத்த கம்ப்யூட்டர் பெட்டிக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். இரண்டிலும் முழுத் தொகுப்பையும் நகலெடுத்து, ஒன்றை உங்கள் வீட்டில் உயரமான அலமாரியிலும், மற்றொன்றை ஆற்றை விட்டுத் தள்ளி மேட்டில் இருக்கும் சேக்காளி வீட்டிலும் வையுங்கள். ஒரே பையில் இரண்டையும் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். செட்டு 26 பேரும் பங்கு போட்டால் தலைக்குச் சில நூறு ரூபாய்தான். நகலெடுத்த பின் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொருகி, வெவ்வேறு ஆண்டிலிருந்து பத்துப் பதினைந்து படத்தைத் திறந்துபார்த்து, புதிய படங்களைச் சேருங்கள். 'வரவு' ஃபோல்டரின் படங்கள் ஹார்ட் டிஸ்க் இரண்டிலும் ஏறும்வரை மெமரி கார்டை அழிக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

அந்தச் செட்டுக் கணக்கு பற்றியும் ஒன்று. இரண்டு ஆண்டு யாரும் உள்ளே போகாத கணக்கை, உள்ளே உள்ளவற்றோடு சேர்த்து அழிக்கும் விதி கூகுளில் இருக்கிறது. நீங்கள் வாரம்தோறும் ஏற்றினால் அது பிரச்சினை ஆகாது. ஆனால் கணக்கை மீட்கும் போன் நம்பராக உங்களுடையது ஒன்று மட்டும் இருந்தால் போதாது. மீட்பு மெயிலாகச் செட்டில் இன்னொருவரின் முகவரியைக் கொடுங்கள். கூகுள் கணக்கு அமைப்பில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று ஒன்று உண்டு. அதில் அவரையே நம்பிக்கையானவராகக் குறித்து, 3 மாதம் முதல் 18 மாதம் வரை ஒரு கெடு வைத்தால், அத்தனை காலம் கணக்கில் அசைவு இல்லாதபோது அவருக்குத் தகவல் போகும், படங்களை இறக்கிக்கொள்ளும் வழியும் கிடைக்கும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், போனிலேயே செய்துவிடலாம். கணக்குத் தொடங்கும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.